இருபத்திரண்டு முனைகளில் ஐந்து

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பது. பாளையம்பட்டியில் எங்கள் வீடு. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பல் துலக்கக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை.

காது மிஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதியதை மாட்டினேன். அதிலும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே இன்னொன்றை மாட்டினேன். அட்டையில் இருந்த ஆறையும் மாட்டிப் பார்த்த பிறகுதான், கெட்டது பேட்டரி இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அப்போது மணி ஆறு பத்து. என் மனைவி பாக்கியம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு எழுபத்தொரு வயது. பி.காம். படித்தவன். அருப்புக்கோட்டையில் நாற்பத்து நான்கு வருடம் தானியக் கடை நடத்தினேன். இப்போது கடையை மகன் முருகேசன் பார்க்கிறான். வலது காது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. இடது காதும் மிஷினுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடது காதுதான் அன்று போனது. என் கதை தெரிந்து, இதே ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டு இதுவரை இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் திருச்சுழிக்காரர், மற்றவர் வீரசோழன் ஊர்க்காரர். இருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் வரும் பேச்செல்லாம் முருகேசன் போனில் தட்டிக் காட்டியதும், பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதும்.

முதலில் ஒன்று. காது திடீரென்று அடைத்துக்கொண்டால் அன்றைக்கே காது டாக்டரிடம் போய்விடுங்கள். நான் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நான்கு நாளை வீணாக்கினேன். திங்கட்கிழமைதான் மதுரைக்குப் பஸ் ஏறினோம். ஸ்டீராய்டு மாத்திரை பத்து நாள், பிறகு செவிப்பறை வழியாக உள்ளே ஊசி, நான்கு முறை. ஊசி போட்டதும் காதுக்குள் ஐஸ் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும், கட்டில் சுற்றும். நான்காவது ஊசிக்குப் பிறகு எடுத்த பரிசோதனைத் தாளில் கோடு அடியிலேயே படுத்திருந்தது. டாக்டர் அதில் ஒரு வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் முருகேசனைப் பார்த்துப் பேசினார். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல எல்லாம் மரத்துப்போயிருந்தது.

காது கேளாதவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் பெயரை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டு, ஆள் இல்லை என்று டோக்கனைக் கடைசியில் வைத்துவிட்டார்கள். பதினான்காவதாக இருந்தவன் முப்பத்தொன்பதாவதாக உள்ளே போனேன். அடுத்த முறையிலிருந்து பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு என்றால் எழுந்திருக்க வேண்டும். இரண்டு என்றால் அவசரப்படாதீர்கள் என்று பொருள். எனக்கு இரண்டு தட்டுதான் அதிகம் கிடைத்தது.

கடைசியில், காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்றார் டாக்டர்; அதற்கு நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். கேட்காமல் போனதும் எல்லாரும் எனக்கு எழுதிக் காட்டத் தொடங்கினார்கள். முருகேசன் போனில் எழுதினான், டாக்டர் சீட்டில் எழுதினார், கடைக்கு வருகிறவர்கள் சாக்கின் மேல் சுண்ணாம்புக் கட்டியால்கூட எழுதினார்கள். பாக்கியத்துக்கு எழுதத் தெரியாது. திருச்சுழிப் பக்கத்துக் காட்டு வேலைக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூத்தவள், அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பேசினால் எழுத்தாக மாற்றும் வசதி போனில் இருக்கிறதென்று முருகேசன் கொண்டுவந்தான். அவள் நான்கு முறை பேசினாள். நான்கிலும் அரைகுறை எழுத்துதான் வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு அவள் போனைக் கண்டாலே வாயை மூடிக்கொண்டாள். ஆக, ஊரில் எல்லாருடைய பேச்சும் ஏதோ ஒரு வழியில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரே வீட்டில் இருந்த அவளுடையது மட்டும் வரவில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டுதான் இருந்தாள். திரும்பிப் பார்த்தால் உதடு அசையும். எதைப் பற்றியென்று தெரியாது.

இனி ஆபரேஷன். காதின் உள்ளே நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் உப்புத் தண்ணீர் போன்ற திரவமும், மயிர்போன்ற நுண்ணிய அணுக்களும் இருக்கின்றன. சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுப்பது அந்த மயிரணுக்கள். எனக்கு அவை செத்துவிட்டன. நரம்பு மிச்சம் இருக்கிறது. எனவே நத்தைக்கூட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகுகிறார்கள். அதில் வரிசையாக மின்முனைகள். வெளியே காதின் மேல் மாட்டும் கருவி சத்தத்தை வாங்கி, கீச்சுக்குரல் ஒரு முனைக்கு, கட்டைக்குரல் இன்னொரு முனைக்கு என்று பிரித்து அனுப்பும். அந்தந்த முனை அந்தந்த இடத்து நரம்பை மின்சாரத்தால் தட்டும். கம்பியில் பன்னிரண்டு முனை உள்ளது உண்டு, பதினாறு உண்டு, இருபத்திரண்டு உண்டு. நான் இருபத்திரண்டைக் கேட்டேன். எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு எதை வைத்து முடிவு செய்வது? கருவி மட்டும் ஆறு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். என் வயதுக்கு அரசுக் காப்பீடு கிடையாது என்றார்கள்.

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை ஆபரேஷன். மூன்று மணி பத்து நிமிடம் ஆனதாக முருகேசன் குறித்து வைத்திருந்தான். குறிக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் உள்ளே போயிருந்தேன். கண் விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. இடது பக்க நாக்கு மரத்துப்போய், தகரத்தை நக்கியதுபோல ஒரு ருசி. சுவை நரம்பு அந்த வழியாகத்தான் போகிறதாம், சில பேருக்கு இப்படி ஆகுமாம். எனக்கு நாற்பத்தெட்டு நாள் இருந்தது. மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்தேன். ஒரு சொட்டு விழுந்து அடுத்தது விழும்வரை குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. நர்ஸ் வந்து திருகிவிட்டுப் போனால் இருபத்திரண்டு. பாக்கியம் தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்திருந்தாள். கட்டிலில் இருந்து நான் இறங்கினால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, என் வேட்டி நுனியைத் தன் சேலை முந்தியோடு முடிந்து வைத்திருந்தாள். தலைசுற்றலில் விழுந்துவிடுவேன் என்று பயம். அவள் எழுந்து போகிறபோதெல்லாம் முடிச்சை அவிழ்த்து, வந்ததும் மறுபடி முடிந்தாள்.

கட்டுப் பிரித்ததும் கேட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். புண் ஆறவேண்டும். இருபத்தொரு நாள் கழித்து, மார்ச் 4 அன்றுதான் கருவியை இயக்கினார்கள். இயக்கியவர் ஜான்சி என்ற பெண், கேட்டல் சிகிச்சை நிபுணர். முருகேசனைவிடச் சின்ன வயது. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், எனக்கு முன்னால் ஓர் அட்டை. அட்டையில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள். ஒன்று என்றால் இலேசாகக் கேட்கிறது, பத்து என்றால் தாங்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு முனையாக மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஏழு வந்ததும் நான் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த அளவைக் கருவியில் பதிந்துவிடுவார்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். எங்கள் கடையில் பழைய நாளில் இரண்டு அளவு உண்டு. படியில் தானியத்தைப் போட்டுக் கோலால் வழித்துவிட்டால் தலைதட்டி அளப்பது. வழிக்காமல், நிற்கும் மட்டும் குவித்துக் கொடுத்தால் குவித்து அளப்பது. விற்கும்போது தலைதட்டுவோம். கொள்முதலுக்குக் குவிப்போம். காட்டிலிருந்து கொத்தமல்லி கொண்டுவருகிறவன் படியின் தலையையே பார்த்துக்கொண்டு நிற்பான். நாங்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு கை போடுவோம். இப்போது வாங்குகிறவன் நான். ஏழு வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. எட்டு வந்தது. அடுத்து ஒன்பது. காதுக்குள் யாரோ தகர டப்பாவில் உளுந்தைக் கொட்டுவதுபோல் இருந்தது. ஜான்சி என் முகத்தைப் பார்த்தார். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வது எனக்குத் தொழில். ஒன்பதரை இருக்கும்போது கையைத் தூக்கினேன். இருபத்திரண்டு முனைக்கும் இப்படியே.

வீட்டுக்கு வந்தோம். சத்தம் கேட்டது, அதில் குறையில்லை. ஆனால் எல்லாச் சத்தமும் ஒன்றாக இருந்தது. கதவு, தவளை, மிக்சி, முருகேசன், பாக்கியம், டவுன் பஸ் எல்லாம் ஒரே இரைச்சல். ஒருவர் பேசுகிறார் என்று தெரியும். எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். தினமும் சாயங்காலம் முருகேசன் கடை அடைத்துவிட்டு வந்து வாயை மறைத்துக்கொண்டு இருபது எண்களைச் சொல்வான். நான் திரும்பச் சொல்ல வேண்டும். மார்ச்சில் நான்கு சரி. ஏப்ரலில் ஐந்து. மே மாதம் மறுபடி நான்கு. பாக்கியம் சொன்னால் இருபதில் ஒன்று. அவள் குரல் மெல்லியது. ஒருநாள் அவள் பதினேழாவது எண்ணைச் சொல்லும்போது நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எண் சொல்ல வரவில்லை. தொடையில் தட்டுவதற்கே திரும்பிவிட்டாள்.

ஜூன் 10 அன்று மதுரையில் ஜான்சி புதிதாக ஒரு சோதனை வைத்தார். பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவார். இரண்டும் ஒரே ஒலியா, வேறு வேறா என்று நான் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டேன். பலகையில் எழுதினார்: "ஒரே மாதிரி கேட்கிற முனைகளில் ஒன்றை அணைத்துப் பார்க்கலாம்."

அணைப்பதா? நான் முன்பே வகுத்து வைத்திருந்தேன். ஆறு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தை இருபத்திரண்டால் வகுத்தால் முனை ஒன்றுக்கு முப்பத்தோராயிரத்து நூற்று முப்பத்தாறு ரூபாய் முப்பத்தாறு காசு. பீப் என்றது, மறுபடி பீப் என்றது. "வேற" என்றேன். அடுத்த ஜோடிக்கும் வேற. அதற்கடுத்ததற்கும் அதேதான். இருபத்தைந்து தடவையும் வேற. பாதிக்கு மேல் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

முடிந்ததும் மூலையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் ஏதோ பேசினாள். ஜான்சி நிமிர்ந்து பார்த்தார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். போனில் தட்டச் சொன்னேன். தட்டிக் காட்டினான்:

"இவுக பொய் சொல்றாக தாயி. தராசுக்கு முன்னால நிக்கயில இப்படித்தான் மூஞ்சிய வச்சிருப்பாக. எடது கண்ணு வேற துடிக்குது, பாருங்க."

பத்து மாதத்தில் அவள் பேசியதில் முழுதாக என்னிடம் வந்து சேர்ந்த முதல் பேச்சு அது. நான் அதை இரண்டு முறை வாசித்தேன். கோபம்கூட வரவில்லை.

ஜான்சி பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார்: "ஐயா, நாலு தடவை ஒரே முனையைத்தான் ரெண்டு வாட்டி தட்டினேன். அதுக்கும் வேறன்னு சொன்னீங்க."

வியாபாரி பிடிபட்டால் விலையைக் குறைப்பான். நான் எதைக் குறைப்பது? "அணைச்சிருவீங்களேன்னுதான்" என்றேன். ஏழு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்பதரை வரை விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். பாக்கியம் முருகேசனிடம் எதையோ கேட்டாள். அவன் பதில் சொல்ல, அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஜான்சி முக்கால் மணி நேரம் எழுதி எழுதி விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மின்முனைகள் கிடப்பது உப்புத் தண்ணீரில். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓரிடத்தில் நிற்காது, பரவும். ஒரு முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் தன் இடத்து நரம்பைத் தட்டுவதோடு பக்கத்து முனைக்கு உரிய நரம்பையும் தட்டிவிடும். எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் பாயாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும்படிதான் கருவியைச் செய்திருக்கிறார்கள். அப்படியும் இரண்டு முனைகள் ஒரே நரம்புக் கற்றையைத் தட்டினால் மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். அளவைக் கூட்டக் கூட்டப் பரவலும் கூடும். நரம்பு மெலிந்துபோன இடங்களில் இது இன்னும் அதிகம். என்னைப்போல் வருடக்கணக்காகக் காது மங்கியவர்களுக்கு அப்படிப்பட்ட இடங்கள் இருக்கும். முகத்து நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், பரவும் மின்சாரம் அதையும் தட்டி இமையைத் துடிக்க வைக்கும்.

நான் கேட்டேன்: "இருபத்திரண்டு படியை ஒட்டி ஒட்டி வச்சு, எல்லாத்தையும் குவிச்சு அளந்தா, உளுந்து சரிஞ்சு மல்லிப் படியில விழும், மல்லி சரிஞ்சு கம்புல விழும். அதான?"

முருகேசன் அதை அவருக்கு விளக்கினான். அவருக்குப் படியென்றால் என்னவென்றே தெரியாது. கேட்டுவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்த முறை பாக்கியம் நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டாள். உண்மையாகச் சொன்னேன். ஏழில் நிறுத்தினேன். இரண்டு இடங்களில் ஆறிலேயே அவள் கையைத் தூக்கினாள், என் முகத்தைப் பார்த்து. அவள் சொன்னதுதான் சரி. ஐந்து முனைகளை அணைத்தார்கள். நான்கு, பக்கத்து முனையிலிருந்து பிரித்தறிய முடியாதவை. ஒன்று, கண்ணைத் துடிக்க வைத்தது. எண்களைக் குறித்துக்கொண்டேன்: மூன்று, எட்டு, ஒன்பது, பதினான்கு, பதினெட்டு. மிச்சம் பதினேழு. ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரத்துச் சொச்சம் ரூபாய்ப் பெறுமான முனைகள் என் மண்டைக்குள் இனிச் சும்மா கிடக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சத்தம் மெலிந்து, ஒல்லியாக இருந்தது. ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் காரியாபட்டி தாண்டியதும் கண்டக்டர் விசில் அடித்தார். அது விசிலாகக் கேட்டது. இன்ஜின் வேறாக, விசில் வேறாக. மூன்று நாள் கழித்து முருகேசன் சொன்ன இருபதில் ஏழு சரி. இரண்டாவது வாரம் பதினொன்று. மூன்றாவது வாரம் பதினான்கு. முருகேசன் போனில் கட்டைவிரல் படம் போட்டுக் காட்டினான். சந்தோஷமா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். உண்மையில் எதுவும் தோன்றவில்லை. எண் கூடியது, குறித்துக்கொண்டேன். பாக்கியத்தை எண் சொல்லக் கூப்பிட்டேன். வேலை கிடக்கு என்று சைகையால் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு மத்தியானம். கரண்டு போயிருந்தது, ஃபேன் ஓடவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மதுரைக்கு அடுத்துப் போகவேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் வந்தது.

"மொத்தம் எம்புட்டு ஆச்சு?"

தகரத்தில் செய்த குரல். நாற்பத்தாறு வருடம் நான் கேட்ட குரல் அதில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று சொல், ஒன்றின்மேல் ஒன்று சரியாமல், தனித்தனியாக. திரும்பினேன். பாக்கியம் தரையில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குக் கேட்கும் என்று எண்ணி அவள் கேட்கவில்லை.

"என்ன, மொத்தம் எம்புட்டு ஆச்சுன்னா கேட்ட?" என்றேன்.

கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள். "காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "தையிலருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒங்களுக்குக் கேக்கல. ஒங்க மகனைக் கேட்டா, அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாகன்னு சொல்றான்."

அது நிஜம். அவனிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். கடைக் கணக்கிலும் சரி, வீட்டுக் கணக்கிலும் சரி, ஒரு தொகையைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை. கேட்டால், உனக்கெதுக்கு என்பேன். அவள் உதடு அசைந்தபோதெல்லாம் என்னவாக இருக்கும் என்று இந்தப் பதினோரு மாதமும் யோசித்திருக்கிறேன். உடம்பைப் பற்றி, சோற்றைப் பற்றி, சாமிக்கு நேர்ந்ததைப் பற்றி என்றெல்லாம். இது தோன்றவே இல்லை. இப்போதும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் விழுந்தது என்று சொல்லியாகிவிட்டது.

"ஒம்பது லட்சம் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்னா? சரியாச் சொல்லுங்க."

அதுவும் கேட்டது.

"ஒம்பது லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூத்து அறுவது ரூவா" என்றேன்.